வாங்காமல் போன நெகட்டிவ்கள்

ஃபிலிமுக்கு இனி எதிர்காலம் உண்டா என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். என்னைப் பார்த்தால் கிளி ஜோசியம் சொல்கிறவள் மாதிரி இருக்கிறதா? கரியாஹாட்டில் ஒரு கலர் லேபில் பிரிண்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிரிண்டர் என்றதும் நீங்கள் மேஜை மேல் இருக்கும் மெஷினை நினைப்பீர்கள். எங்கள் லேபில் பிரிண்டர் என்றால் ஆள். நெகட்டிவைப் பார்த்து, இந்த முகத்துக்கு மஞ்சளைக் கொஞ்சம் கூட்டு, அந்தப் புடவைக்குச் சிவப்பைக் குறை என்று முடிவு செய்கிற ஆள். வேலை பார்த்த காலம் முழுக்க மற்றவர்கள் வீட்டுக் கல்யாணத்தையும் மற்றவர்கள் வீட்டுக் குழந்தையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்காலத்தைப் பார்க்க எனக்கு எங்கே நேரம் இருந்தது?

சென்னையிலும் மதுரையிலும் புதிதாக லேப் ஆரம்பித்திருக்கிற பிள்ளைகள் நீங்கள் கேட்டதால் தமிழில் எழுதுகிறேன். அப்பா துறைமுகத்து வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வங்காளத்துக்கு வந்தவர். நான் பிறந்தது கிடர்பூரில், துறைமுகக் குவார்ட்டர்ஸில். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், லேபில் இங்கிலீஷ். கோபம் வந்தால் மட்டும் சுத்தமான திருநெல்வேலி. இதில் கோபம் வரும் இடம் நிறைய இருக்கிறது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் லேபில் ஃபிலிம் கழுவுகிற மெஷினைக் கழற்றி லாரியில் ஏற்றிய அன்றைக்கு, சரி, இதோடு முடிந்தது என்றுதான் நானும் வீட்டுக்குப் போனேன். அப்புறம் பார்த்தால் நீங்கள் முளைத்து வருகிறீர்கள். பையில் ஒரு போன், கழுத்தில் அப்பா காலத்து ஃபிலிம் காமிரா. முதலில் எனக்குச் சிரிப்பாக வந்தது. பிறகு இங்கே பெஹாலாவில் கார்த்திக், ரித்தி என்று இரண்டு பிள்ளைகள் நடத்துகிற லேபுக்குப் போய்ப் பார்த்தேன். கழுவுகிறார்கள், நன்றாகவே கழுவுகிறார்கள். குறை சொல்ல வழியில்லை. குறை வேறு இடத்தில் இருந்தது.

உங்கள் வாடிக்கையாளர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ரோலைக் கொடுக்கிறார்கள். நீங்கள் கழுவி, ஸ்கேன் எடுத்து, போனுக்கு ஒரு லிங்க் அனுப்புகிறீர்கள். அவர்கள் படத்தைப் பார்க்கிறார்கள், நாலு பேருக்குக் காட்டுகிறார்கள், கதை முடிந்தது. நெகட்டிவை வாங்க யாரும் வருவதில்லை. ஃபிலிமில்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டு அந்த ஃபிலிமையே வாங்காமல் போகிற கூட்டத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன். கல்யாணத்துக்கு வந்து, மொய் எழுதிவிட்டு, இலையில் உட்காராமல் பந்தியைப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புகிற மாதிரி.

எங்கள் லேபில் ஒரு இன்சார்ஜ் இருந்தார். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, சொல்ல மாட்டேன். வாய் திறந்தால் பாதி வசவு. அவர் சொன்னதில் இரண்டு இங்கே தேவைப்படும். ஒன்று, ஃபிலிமின் தலையை வெட்டாதே. தலை என்றால் ரோலின் ஆரம்பம். காமிராவில் ஃபிலிம் போட்டதும் வெளிச்சம் பட்ட பகுதியைத் தாண்டுவதற்காக இரண்டு மூன்று தடவை சும்மா சுற்றிச் சுற்றி அமுக்குவீர்களே, அந்த இடம். பாதி எரிந்துபோய்க் கிடக்கும். வெட்டிக் குப்பையில் போட்டால் உறைக்குள் நெகட்டிவ் அழகாக உட்காரும். ஆனால் அவர் விடவே மாட்டார். "அது உன் வீட்டு ஃபிலிமா? எது குப்பை என்று அவர்கள் சொல்லட்டும்" என்பார்.

இரண்டாவது, கெட்ட செய்தியை நீ முதலில் சொல். ஒரு பூஜை சமயம் மெஷின் நடுவில் நின்று, உள்ளே இருந்த ரோல்கள் எல்லாம் பாழாகிவிட்டன. துர்கா பூஜைப் படங்கள். அடுத்த வருஷம்வரை திரும்ப எடுக்க முடியாதவை. நாங்களெல்லாம் உள்ளே பதுங்கிக்கொண்டோம். அவர் கவுண்டருக்கு வெளியே போய் நின்றார். ஆள் படியேறும்போதே எதிரே போய், "உங்க படம் போயிடுச்சு, தப்பு எங்களோடது" என்று சொன்னார். ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தே விட்டார். இவர் கையைத் தட்டிவிடக்கூட இல்லை. அவர்கள் திட்டுவதை அவர்களுக்குப் பாக்கி வைக்கக்கூடாது என்று பிறகு எங்களிடம் சொன்னார். எனக்கு அப்போது அது புரியவில்லை. கவுண்டரில் நிற்க வேண்டிய முறை எனக்கு வந்தபோதுதான் புரிந்தது.

இனி பெஹாலா கதை. கார்த்திக் துறைமுக அதிகாரி ஒருவரின் மகன், இங்கேயே பிறந்தவன். தமிழையும் வங்காள ராகத்தில்தான் பேசுவான். ரித்தி வங்காளிப் பெண், என்ஜினீயர் வேலையை விட்டுவிட்டு வந்தவள். அவளுடைய ஜேட்டு, அதாவது பெரியப்பா, வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் லேப். மாடியில் ஜேட்டு குடும்பம். நான் வாரத்தில் ஏதோ ஒரு நாள் போய், டீ குடித்துவிட்டு, இரண்டு பேரையும் திட்டிவிட்டு வருவேன். எல்லாரையும் போல அவர்களும் என்னை மாஷி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் நான் அங்கே இருக்கும்போது ஒரு பெண் வந்தாள். சுபா. கோயம்புத்தூர்க்காரி, பேங்க் ஆபீசர், மாற்றலாகி இங்கே வந்தவள். தனியாகத்தான் இருந்தாள், அம்மாவை மட்டும் கூட அழைத்து வந்து வைத்திருந்தாள். இங்கே வந்தபிறகு பொழுதுபோக்காக ஃபிலிம் காமிரா பழகியிருக்கிறாள். லேபுக்கு அவள் பழைய வாடிக்கையாளர். அன்றைக்கு வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"அம்மா தவறிட்டாங்க. மழைக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு ரோல் குடுத்தேனுங்க இல்ல, அதுல அம்மா இருக்காங்க. நீங்க அனுப்புன லிங்க் இப்பத் திறக்கவே மாட்டேங்குது."

"டவுன்லோட் பண்ணலையா?" என்றான் கார்த்திக்.

"இல்லைங்க. எல்லாப் படத்துலயும் கையாலயே மூஞ்சிய மறைச்சுட்டு இருந்தாங்க. இதுல என்ன இருக்குதுன்னு விட்டுட்டேன்."

அந்த அம்மாவுக்குப் படம் எடுத்தாலே ஆகாதாம். போனைத் தூக்கினாலும் சரி, காமிராவைத் தூக்கினாலும் சரி, கை தன்னால் முகத்துக்கு வந்துவிடும். "என்னைப் போயி எடுத்துட்டு" என்று திரும்பிக்கொள்வாராம். கல்யாண ஆல்பத்தில்கூடக் குனிந்த தலைதான். மாலை போட்டு வைத்த படத்தை ஆதார் கார்டிலிருந்து பெரிதுபண்ணி வாங்கினார்களாம்.

"அது எங்கம்மாவே இல்லைங்க. யாரோ போலீஸ் ஸ்டேஷன்ல பிடிச்சு வெச்சிருக்கற மாதிரி இருக்காங்க" என்றாள் சுபா.

லேபில் ஸ்கேன்களை மூன்று மாதத்தில் அழித்துவிடுவார்கள். கம்ப்யூட்டரில் இடம் வேண்டுமே. கார்த்திக் அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவசரமாக, "நெகட்டிவ் இருக்கு அக்கா! நீங்க வாங்கிட்டுப் போகலல்ல, இங்கதான் இருக்கு. அது எங்கயும் போகாது. சனிக்கிழமை வாங்க, திரும்ப ஸ்கேன் பண்ணித் தர்றேன்" என்றான்.

"கை மறைச்சிருந்தாலும் பரவாயில்லைங்க" என்றாள் அவள். "அந்தக் கையாவது எனக்கு வேணும்."

நான் சட்டென்று திரும்பிச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தேன். அழுகையை அடக்க வேறு வழி தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. பெஹாலாவில் மழை என்றால் என்ன என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். வானத்திலிருந்து வருவது பாதி, சாக்கடையிலிருந்து ஏறுவது பாதி. சனிக்கிழமை காலையில் கார்த்திக் போன் பண்ணினான். "மாஷி, லேபுக்குள்ள தண்ணி" என்றான். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் தாரதலா நிறுத்தத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து டோட்டோ, நம்மூர் பேட்டரி ஆட்டோ, அதுவும் பாதியில் மூச்சை விட்டுவிட்டது. மிச்சத் தூரத்தைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தேன்.

லேபில் கம்ப்யூட்டர், ஸ்கேனர், காமிராக்கள் எல்லாம் பத்திரம். முந்தின ராத்திரியே மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். பணம் கொடுத்து வாங்கியது எல்லாம் மாடியில். நெகட்டிவ் எங்கே? ரேக்கின் அடித்தட்டில். யாரும் கேட்காத சாமான்தானே என்று அடியில் வைத்திருக்கிறார்கள். வாங்காமல் போனவர்கள் அத்தனை பேருடைய உறையும் சாக்கடைத் தண்ணீரில் ஊறிக் கிடந்திருக்கிறது. உங்கள் தலைமுறையைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். நாங்கள் மெஷினை முழுகவிட்டு நெகட்டிவைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம்.

மாடிக்குப் போனால் அதைவிடக் கொடுமை. ஜேட்டுவின் ஹால் முழுக்க ஈர உறைகளைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. ரித்தி ஒவ்வொரு உறையாகக் கையில் எடுத்து ஹேர் டிரையரால் சூடு காட்டிக்கொண்டிருக்கிறாள்.

"ஏல கார்த்திக்! ஃபேன நிறுத்துல! ஏட்டி, அத அணை! ரெண்டு பேரும் கைய எடுங்க!"

ரித்திக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் புரியாமல் போகுமா? டிரையரைக் கீழே போட்டுவிட்டாள்.

"காயணும்ல மாஷி?" என்றான் கார்த்திக்.

"காயவே கூடாது! எல்லாத்தையும் திரும்பத் தண்ணில போடு."

"ஆரே மாஷி, தண்ணிலேர்ந்துதானே இப்பக் காப்பாத்திட்டு வந்தோம்? மறுபடி தண்ணிலயா?"

ஜேட்டு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இந்த மதராஸி அம்மாவுக்கு மழையில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். விஷயம் இதுதான். ஃபிலிமின் மேல் படம் இருக்கிற பூச்சு ஈரம் பட்டால் ஊறி மெத்தென்று ஆகிவிடும், பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினபடியே காய்ந்தால் தீர்ந்தது. சாம்பார் பட்ட அப்பளம் தட்டில் ஒட்டிக் காய்ந்த மாதிரி, பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். பிய்த்தால் படம் உறையோடு போய்விடும். ஊறிக்கொண்டே இருந்தால்தான் பிரிக்க வழி உண்டு. அதுவும் நல்ல தண்ணீரில், சில்லென்ற தண்ணீரில். நம்மூர் வெதுவெதுப்புக்குப் பூச்சு கரைந்தே போகும்.

"ஐஸுக்கு எங்க போறது?" என்று ரித்தி வங்காளத்தில் கேட்டாள். ஜேட்டு வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு தட்டு ஐஸ்கட்டி இருந்தது. அது ஒரு டம்ளர் சர்பத்துக்குத்தான் காணும். நான் ஜன்னலைக் காட்டினேன். தெருமுனையில் மீன் விற்கிற நிமாய் தண்ணீருக்கு நடுவில் பலகை மேல் குத்தவைத்து, வராத வாடிக்கையாளர்களுக்காகக் காத்திருந்தார். கார்த்திக் இறங்கி ஓடினான். தெர்மாகோல் பெட்டிகளில் ஐஸோடு அவனும் நிமாயும் தண்ணீரில் தள்ளிக்கொண்டே வந்தார்கள்.

"இலிஷ் மீன் வெச்ச பெட்டி மாஷி" என்றார் நிமாய். "வாசனை போகாது, பரவாயில்லையா?"

"போட்டோவ மோந்து பார்க்கப் போறதில்ல, வையுங்க" என்றேன். பெட்டியில் ஐஸ், ஐஸ் மேல் டப், டப்பில் கேன் தண்ணீர், தண்ணீருக்குள் நெகட்டிவ். ஹால் முழுக்க மீன் மார்க்கெட் வாசனை. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

இனிமேல்தான் கஷ்டமான இடம். உறையைப் பிரிக்க வேண்டும். கார்த்திக் சுபாவின் உறையைத் தேடி எடுத்துவிட்டான். "அக்கா வந்துடுவாங்க. இத முதல்ல பண்ணிடலாம்" என்றான். நல்ல மனசுதான். ஆனால் நான் வேண்டாம் என்றேன்.

"வை அத. முதல்ல பிரிக்கிறது கிழியும்ல. நீயும் செஞ்சதில்ல, அவளும் செஞ்சதில்ல. எனக்குக் கை நடுங்குது, நான் தொட முடியாது. நாலு கிழிஞ்சாத்தான் கைக்குப் பக்குவம் வரும்."

"அப்ப வேற யாரோடதாவது எடுக்கலாம். இத்தனை இருக்கே."

"யாரோடத? யாரோடது கிழிஞ்சாப் பரவாயில்லன்னு நீயே சொல்லு, பார்ப்போம்."

அவன் டப்பைப் பார்த்தான். அதில் இருந்ததெல்லாம் முகம் தெரியாதவர்களுடையது. யாருடையதில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வேண்டாம் என்று விட்டுப் போனவர்கள்தானே என்று அவனால் சொல்லியிருக்க முடியும். சுபாவும் அப்படி விட்டுப் போனவள்தான். அது ஞாபகம் வந்ததால்தான் அவன் வாயைத் திறக்கவில்லை என்று நினைக்கிறேன். இந்த மாதிரி இடத்தில் உங்களுக்கு எந்தப் புத்தகமும் உதவாது. கை தவறினால் நஷ்டம் யாருக்கு என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கேட்டதை வங்காளத்தில் திருப்பிச் சொன்னதும், ரித்தி டப்பில் கைவிட்டு ஒரு உறையைத் துழாவி எடுத்தாள். அவளுடைய முதல் ரோல். காமிரா வாங்கின புதிதில் எடுத்தது, அதையும் அதே அடித்தட்டில்தான் வைத்திருந்தாள். "இதை வைத்துப் பழகிக்கொள்கிறேன்" என்றாள். முதல் துண்டைப் பிடித்து இழுத்தாள். பூச்சு உரிந்து உறையோடு போய்விட்டது. அதில் அவள் வளர்த்த நாய் இருந்தது. அந்த நாய் இப்போது இல்லை என்று கார்த்திக் என் காதோரம் சொன்னான். 

"ஹோக், மாஷி" என்றாள் ரித்தி. இருக்கட்டும் என்று அர்த்தம். மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தாள். இந்தத் தடவை ஃபிலிமை இழுக்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே உறையின் ஓரங்களைக் கத்தரித்து, பிளாஸ்டிக்கை ஃபிலிம் மேலிருந்து வாழைப்பூ மடல் மாதிரி மெதுவாக விலக்கினாள். அதிலும் கொஞ்சம் போயிற்று. அதற்கடுத்தது முழுசாக வந்தது.

அந்த நேரம் பார்த்து சுபா வந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சல்வார் முழங்கால்வரை நனைந்து, படியேறுகிற சத்தம் கேட்டது. கார்த்திக் என் பக்கம் குனிந்தான்.

"மாஷி, ஸ்கேனர் ரிப்பேர்னு சொல்லிடலாம். திங்கக்கிழமை வரச் சொல்லலாம். அதுக்குள்ள நாம பண்ணி வெச்சுட்டா அவங்களுக்குத் தெரியவே வேண்டாம்."

பாவம், கெட்டவன் இல்லை. அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தான். ஆனால் எனக்குக் கவுண்டருக்கு வெளியே நின்ற இன்சார்ஜ் ஞாபகம் வந்துவிட்டார். கார்த்திக்கின் தோளைப் பிடித்துப் படி பக்கம் திருப்பினேன். "நீதான் சொன்ன, எங்கயும் போகாதுன்னு. நீதான் போய்ச் சொல்லணும். அவ உள்ள வாரதுக்குள்ள சொல்லு."

சொன்னான். படியிலேயே நின்று சொன்னான். தண்ணீர் வந்தது, நெகட்டிவைக் கீழே வைத்தது எங்கள் தப்பு, பிரிக்கும்போது கிழியலாம், ஒன்று ஏற்கனவே கிழிந்துவிட்டது, அது ரித்தியுடையது.

 சுபா வெடித்தாள். "எங்கயும் போகாதுன்னீங்களே! அத நம்பித்தானே நான் போனேன்! கம்ப்யூட்டர மாடில வெச்சிருக்கீங்க, எங்கம்மாவ சாக்கடைல விட்டுட்டீங்களா?"

அவன் தலையைக் குனியாமல் நின்று கேட்டுக்கொண்டான்.  அடுப்படியில் ஜேட்டுவின் மனைவி அரிசிக் கிச்சடி கிண்டுவதுகூட நின்றுவிட்டது. கடைசியில் சுபா தானாகவே அடங்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "தப்பு என் பேர்லயும்தான். அப்பவே வந்து வாங்கியிருக்கணும்" என்றாள்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இப்ப பண்ணலாமா, வேண்டாமான்னு நீ சொல்லணும்மா. பெரிய ஊர்ல இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க, ஐஸோட அனுப்பிப் பார்க்கலாம். ஆனா போய்ச் சேரதுக்குள்ள என்ன ஆகும்னு தெரியாது. இங்கன இந்தப் பொண்ணு செய்வா. முழுசா வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

சுபா ரித்தியின் கையைப் பார்த்தாள். ஐஸ் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது. பக்கத்தில் உரிந்துபோன நாய்ப்படம் கிடந்தது.

"இவங்களே பண்ணட்டும் ஆன்ட்டி" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கதையை முடிப்பதற்கு முன்னால் என் உபதேசத்தைச் சொல்லிவிடுகிறேன். முடித்த பிறகு என்னால் முடியாது. ஃபிலிமுக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்டீர்கள். அழகாக இருக்கிறது, பழைய நிறம் வருகிறது என்றெல்லாம் நீங்கள் சொல்கிற காரணங்களை நான் நம்பவில்லை. அந்த நிறத்தை இன்னும் கொஞ்ச நாளில் உங்கள் போனே போட்டுக் கொடுத்துவிடும், இப்போதே கொடுக்கிறது என்கிறார்கள். டிஜிட்டலோடு எனக்குச் சண்டையும் இல்லை, என் பேத்தி படமெல்லாம் போனில்தான் இருக்கிறது. நான் சொல்வது ஒன்றுதான். டிஜிட்டலில் பிடிக்காததை அந்த நிமிஷமே அழித்துவிடலாம். ஃபிலிமில் முடியாது. எடுத்தது, எடுக்க நினைக்காமல் விழுந்தது, வீண் என்று நினைத்தது எல்லாம் அந்தச் சுருளிலேயே இருக்கும். வேண்டுமா வேண்டாமா என்று பிறகு ஒருநாள் முடிவு செய்துகொள்ளலாம். அந்தப் பிறகுக்காகத்தான் ஃபிலிம். நெகட்டிவை வாங்காமல் விட்டால் உங்களிடம் இருப்பது இன்னொரு டிஜிட்டல் படம்தான், கொஞ்சம் செலவு அதிகம். ஆகவே வாங்க வராதவர்களுக்குப் போன் போடுங்கள், நச்சரியுங்கள், வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். அதுவரை மேல் தட்டில் வையுங்கள். தலையை வெட்டாதீர்கள். அவ்வளவுதான், எனக்குத் தெரிந்த எதிர்காலம்.

ரித்தி சுபாவின் உறையை வெட்டி விலக்கினாள். முதல் துண்டு முழுசாக வந்தது. இரண்டாவதில் ஒரு ஓரம் சிராய்த்தது, படத்துக்குப் பாதகமில்லை. ஒவ்வொன்றாக அலசிக் கொடுக்கக் கொடுக்க, நான் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன், ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும். எனக்கு அப்படியே பார்த்துப் பழக்கம். பால்கனியில் அந்த அம்மா, கை முகத்துக்கு முன்னால். அடுப்புப் பக்கம், கை. கட்டிலில், திரும்பின முதுகு. மறுபடி கை. விரல்களின் ரேகைகூட விழுந்திருந்தது. சுபா கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கடைசியாக வந்த துண்டு மற்றவற்றைவிட நீளமாக இருந்தது. ரோலின் தலை. தலையை வெட்டாதே என்று நான் திட்டினதற்குப் பயந்து கார்த்திக் வெட்டாமல் மடித்து உள்ளே செருகியிருக்கிறான். ஆரம்பம் முழுக்க எரிந்து கறுத்துப்போயிருந்தது. அந்தக் கறுப்பு முடிகிற இடத்தில் பாதிப் படம் ஒன்று இருந்தது.

"இது என்னல?" என்றேன்.

"இத நான் ஸ்கேன் பண்ணல மாஷி. பாதி எரிஞ்சுபோச்சு, வேஸ்ட்னு விட்டுட்டேன்."

நான் அதைப் பார்த்தேன். இன்னொரு தரம் பார்த்தேன். பிறகு, "சுபா, இங்க வா" என்று கூப்பிட்டேன். அவள் வந்து வெளிச்சத்தில் பார்த்தாள், நெகட்டிவில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கார்த்திக் போனை எடுத்து அந்தத் துண்டைப் படம் பிடித்து, கறுப்பை வெள்ளையாகத் திருப்பிக் கொடுத்தான். இடது பாதி வெறும் வெள்ளை, ஓரத்தில் நெருப்பு மாதிரி ஆரஞ்சுக் கோடு. வலது பாதியில் அந்த அம்மா தரையில் உட்கார்ந்து முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி நேராகப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சுபா போனைக் கையில் வாங்கினாள்.

"அன்னைக்கு ஃபிலிம் போட்டுட்டு இருந்தேன். அம்மா, 'என்னை எடுக்காத கண்ணு'ன்னாங்க. 'இல்லம்மா, சும்மா சுத்தறேன், இதுல படமே விழாது'ன்னு சொன்னேன். 'அப்பச் சரி'ன்னு சிரிச்சாங்க." போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கையப் பாருங்க ஆன்ட்டி. கையத் தூக்கவே இல்ல. கை கீழயே இருக்கு."